ஆக்கியோன் யார்? – ‘மேசியா’ வயலினும் சான்றாய்வின் எல்லைகளும்

1

ஓர் ஆக்கத்தை மதிப்பிடுமுன் அதன் ஆக்கியோனை அறிய விழைவது ஆராய்ச்சியுலகின் நெடுங்கால வழக்கம். ஏட்டுச் சுவடியொன்றின் இறுதியில் ஒருவரது பெயர் காணப்படுவதனாலேயே அந்நூல் அவருடையது என நாம் கொண்டுவிடுவதில்லை. மொழிநடை, யாப்பு, நூலினுள் வரும் செய்திகள் ஆகியவற்றை அகச்சான்றுகளாகவும், பிறநூற் குறிப்புகள், கல்வெட்டுகள் முதலியவற்றைப் புறச்சான்றுகளாகவும் கொண்டு சீர்தூக்கிய பின்னரே ஒரு முடிவுக்கு வருகிறோம். இதே வினா, சொல்லாலன்றி மரத்தாலான ஓர் ஆக்கத்தைக் குறித்து எழும்போது சான்றுகள் எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றை ஆள்பவர் யாவர், அவர்தம் முடிவால் பயனடைவோர் யாவர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் பழைய வயலின். இத்தாலியின் கிரெமோனா நகரில் ஏறத்தாழ 1644 முதல் 1737 வரை வாழ்ந்த அந்தோனியோ ஸ்ராடிவாரி இக்கருவியைச் செய்தோருள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர். அவரது பட்டறையில் ஏறத்தாழ 1,100 கருவிகள் உருவாகியிருக்கலாம் எனவும் அவற்றுள் ஏறத்தாழ 650 இன்று எஞ்சியுள்ளன எனவும் கணிக்கப்படுகிறது. 1721ஆம் ஆண்டுக்குரிய ‘லேடி பிளன்ட்’ என்னும் அவரது வயலின் 2011ஆம் ஆண்டு ஏலத்தில் 98 இலட்சம் பவுணுக்கு விற்கப்பட்டது. ஒரு பெயர் இருப்பின் பெருஞ்செல்வம். இல்லையேல் சாதாரண மரக்கருவி. இந்நிலையில் ‘இதனை ஆக்கியவர் யார்?’ என்னும் வினா வெறும் அறிவு வேட்கையின் பாற்பட்டதாக இருத்தல் அரிது.

2

முதலில் புறச்சான்றுகளுள் எளிதானதும் நம்பத்தகாததுமான ஒன்றை நோக்குவோம். வயலினின் துளையூடே உற்றுப் பார்ப்போர் உள்ளே ஒட்டப்பட்டுள்ள சிறு காகிதச் சீட்டைக் காண்பர். கிரெமோனாவைச் சேர்ந்த அந்தோனியோ ஸ்ராடிவாரி இன்ன ஆண்டில் செய்தது என அதில் இலத்தீன் மொழியில் அச்சிடப்பட்டிருக்கும். பரம்பரைச் சொத்தாகக் கிடைத்த வயலினில் இச்சீட்டைக் கண்டு தாம் பெருஞ்செல்வரானதாகக் கருதி ஏமாந்தோர் உலகெங்கும் பலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் மார்க்நொய்கிர்ஹென், மிற்றன்வால்ட் ஆகிய ஊர்களிலும் பிரான்சின் மிர்கூரிலும் வயலின் உற்பத்தி பெருந்தொழிலாக வளர்ந்தது. மார்க்நொய்கிர்ஹென் வட்டாரத்தில் ஒரு குடும்பம் சுருள் தலையை மட்டும் செதுக்கும். இன்னொன்று உடற்பகுதியை மட்டும் செய்யும். வணிகர் அவற்றைத் திரட்டி முழுக்கருவியாக்கி ஏற்றுமதி செய்வர். இவ்வாறு உருவான இலட்சக்கணக்கான மலிவுக் கருவிகளில் ஸ்ராடிவாரியின் பெயர் தாங்கிய சீட்டுகள் ஒட்டப்பட்டன. பெரும்பாலும் இது ஏமாற்றும் எண்ணத்தாற் செய்யப்பட்டதன்று. எந்த மாதிரியைப் பின்பற்றிய கருவி என்பதைக் குறிப்பதே அதன் நோக்கம். அமெரிக்காவின் மக்கின்லி சுங்கச் சட்டத்தின்படி 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயரைப் பொறிப்பது கட்டாயமாயிற்று. அதன் விளைவாக ஸ்ராடிவாரியின் பெயரும் ‘ஜேர்மனி’ என்னும் சொல்லும் ஒரே சீட்டில் அடுத்தடுத்து அமைந்த விந்தையும் நிகழ்ந்தது. அக்கருவிகளைச் செதுக்கிய கைகளின் பெயர்கள் எச்சீட்டிலும் இடம்பெறவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

போலிக் கருவியில் மெய்ச்சீட்டு ஒட்டப்படலாம். மெய்க்கருவி தன் சீட்டை இழந்திருக்கலாம். எனவே சீட்டு ஒரு கூற்றேயன்றிச் சான்றன்று.

3

சீட்டைப் புறந்தள்ளிய நிபுணர் அகச்சான்றுகளை நாடுகின்றனர். உடலின் புறவரை, பலகைகளின் வளைவு, ‘எஃப்’ வடிவத் துளைகளின் வெட்டும் அமைவிடமும், சுருள் தலையின் செதுக்கு, விளிம்பை ஒட்டிப் பதிக்கப்பட்டுள்ள மூவிழை மரவரியின் பாங்கு, வார்ணிஷின் நிறமும் தன்மையும் ஆகிய யாவும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. ஸ்ராடிவாரி பலகைகளை விலாச் சட்டத்தின்மீது சரியாக இருத்துவதற்குச் சிறு மரமுளைகளைப் பயன்படுத்தினார். அம்முளைகளின் ஒரு பாதியை மூவிழை வரி வெட்டிச் செல்வது அவரது பட்டறைக்குரிய அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. அவர் பயன்படுத்திய உள்அச்சுகளும் வரைபடங்களும் கருவிகளும் இன்றும் கிரெமோனாவின் வயலின் நூதனசாலையிற் பேணப்படுவதால், ஐயத்துக்குரிய வயலினின் வடிவத்தை அவற்றோடு ஒப்பிட இயலும்.

இம்முறையின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயிரக்கணக்கான கருவிகளைக் கையிலெடுத்துப் பழகிய கண் ஒரு நொடியில் கண்டுகொள்வதை அளவுகோல் பல நாளிலும் காணாதிருக்கலாம். ஆயினும் இதன்கண் இரு குறைபாடுகள் உள. முதலாவது, எந்த நுட்பத்தை நிபுணர் அடையாளமாகக் கொள்கின்றனரோ அந்நுட்பத்தையே தேர்ந்த போலியாளனும் கற்றுக்கொள்கிறான். நிபுணனும் போலியாளனும் ஒரே பள்ளியின் மாணாக்கர். இரண்டாவது, ‘கண்டவுடன் தெரிகிறது’ என்னும் முடிவு பிறரால் மீளாய்வு செய்யப்படக்கூடிய வாதமன்று. அதனை ஏற்பவர் சான்றை ஏற்கவில்லை, ஆளை ஏற்கின்றார். இவ்விரு குறைபாடுகளும் ஒருங்கே வெளிப்பட்ட வழக்காக ‘மேசியா’ வயலின் பற்றிய விவாதம் அமைகிறது.

4

ஒக்ஸ்போட் நகரின் அஷ்மோலியன் நூதனசாலையில் கண்ணாடிப் பேழையினுள் இருக்கும் இவ்வயலின் 1716ஆம் ஆண்டுக்குரியது எனச் சீட்டிற் குறிக்கப்பட்டுள்ளது. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நேற்றுச் செய்தது போன்ற புத்தொளியுடன் அது விளங்குவதே அதன் பெருமைக்கும் அதுபற்றிய ஐயத்துக்கும் ஒருங்கே காரணமாயிற்று.

மரபாகக் கூறப்படும் வரலாறு பின்வருமாறு. ஸ்ராடிவாரி இக்கருவியை விற்காது தம்மிடமே வைத்திருந்தார். அவரது மறைவின் பின் பட்டறையில் எஞ்சியவை மகன் பாவ்லோவிடம் சேர்ந்தன. 1775இல் அவரிடமிருந்து பிரபு கொசியோ தி சலபூவே இதனை வாங்கினார். 1827இல் இது லூயிஜி தாரிசியோ என்னும் வணிகரின் கைக்கு மாறியது. ஊரூராகத் திரிந்து பழைய கருவிகளைச் சேகரித்துப் பாரிஸில் விற்றுவந்த தாரிசியோ, இந்த ஒப்பற்ற வயலினைப் பற்றிப் பேசினாரேயன்றி ஒருமுறையேனும் அதனைக் கொண்டுவந்து காட்டவில்லை. காத்திருக்க வைத்து ஒருபோதும் தோன்றாத மேசியாவைப் போன்றதே அவ்வயலின் என வயலின் கலைஞர் டெல்பின் அலார் நகையாடியதிலிருந்தே இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். 1854இல் தாரிசியோ மறைய, மறு ஆண்டே அவரது உறவினரிடம் சென்று ஏனைய கருவிகளோடு இதனையும் வாங்கியவர் அலாரின் மாமனாரான ஷான்-பத்தீஸ்த் வுய்யோம்.

இவ்விடத்தில் வுய்யோம் யார் என்பது முக்கியமாகிறது. 1798 முதல் 1875 வரை வாழ்ந்த இவர் பிரான்சின் தலைசிறந்த வயலின் வினைஞர், பெரும் வணிகர், அனைத்திற்கும் மேலாக, ஸ்ராடிவாரியின் கருவிகளைப் படியெடுத்துச் செய்வதில் ஈடிணையற்றவர். ‘மேசியா’வையே மாதிரியாகக் கொண்டும் அவர் படிகள் செய்தார். இவ்வயலினின் கழுத்தை நீட்டியமைத்தவரும் அவரே. இருபது ஆண்டுக்காலம் அவரது பொறுப்பிலிருந்த கருவி, அலாரின் மறைவின் பின் 1890இல் லண்டனின் ஹில் நிறுவனத்தினூடாக எடின்பரோவைச் சேர்ந்த செல்வர் ஒருவருக்கு 2,000 பவுணுக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவ்வயலினின் வரலாற்றைப் போற்றியுரைக்கும் நூலொன்றை ஹில் நிறுவனத்தார் வெளியிட்டனர். இடையிற் சிலமுறை கைமாறிய பின் ஹில் குடும்பத்தாரின் நன்கொடையாக இது அஷ்மோலியனைச் சென்றடைந்தது.

இந்த உரிமைச் சங்கிலியின் கண்ணிகளை எண்ணிப் பார்ப்போமாயின் ஓர் உண்மை புலனாகும். தாரிசியோவின் மறைவுக்கு முன் அவரிடம் இருந்த வயலினும், அதன் பின் வுய்யோம் உலகுக்குக் காட்டிய வயலினும் ஒன்றே என்பதற்குப் பாரிஸ் அறிந்த சாட்சி வுய்யோம் ஒருவரே. ஸ்ராடிவாரியைப் போலச் செய்ய வல்ல ஒருவர், தாமே சாட்சியாக நின்று, ஒருவரும் முன்னர்க் கண்டிராத ஸ்ராடிவாரியை வெளிப்படுத்துகிறார். இது குற்றச்சாட்டன்று, ஆயின் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. நூறாண்டுகளுக்கு மேலாக அக்கேள்வி போதிய அளவு உரத்து எழவில்லை.

5

1990களின் இறுதியில் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்தின் இசைக்கருவிப் பாதுகாவலராயிருந்த ஸ்ரூவட் பொலன்ஸ் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். கொசியோவின் குறிப்பேடுகளிற் காணப்படும் வருணனை நூதனசாலையிலுள்ள கருவியோடு சில நுணுக்கங்களிற் பொருந்தவில்லை என்பது அவரது வாதங்களுள் ஒன்று. வயலினின் புகைப்படங்களைக் கொண்டு மரவளையங்களை ஆராய்ந்த ஜேர்மன் அறிஞர் ஒருவர், மேற்பலகையின் கடைசி வளையம் 1738ஆம் ஆண்டுக்குரியது எனத் தெரிவித்தமை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஸ்ராடிவாரி 1737 டிசெம்பரில் மறைந்தவர். அவர் இறந்தபின் வளர்ந்த மரத்தால் அவர் வயலின் செய்திருக்க முடியாதன்றோ?

மரவளைய ஆய்வின் அடிப்படை எளிமையானது. வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தாலானது. குளிர்நாட்டு மரங்கள் ஆண்டுக்கொரு வளையமாக வளர்வன. நல்ல பருவத்தில் அகன்றும் கொடும் பருவத்தில் குறுகியும் அவை அமையும். ஒரே வட்டாரத்து மரங்கள் ஒரே பருவ மாற்றங்களை அனுபவிப்பதால் அகலமும் குறுக்கமும் மாறிவரும் ஒழுங்கு அவற்றிடையே பொதுவாயிருக்கும். ஆண்டு அறியப்பட்ட மரங்களின் வளைய வரிசையோடு வயலினின் வரிசையைப் பொருத்திப் பார்த்து, அதன் கடைசி வளையத்தின் ஆண்டைக் கணிக்கலாம்.

ஜோன் ரொப்பம், டெரெக் மக்கோமிக் ஆகியோர் புகைப்படத்தை நம்பாது வயலினையே நேரில் அளந்தனர். அவர்கள் கண்ட வளையங்கள் 1577 முதல் 1686 வரையானவை. அமெரிக்க வயலின் சங்கத்தின் வேண்டுகோளின் பேரில் ரெனசி பல்கலைக்கழகத்தின் ஹென்றி கிரிசினோ-மேயர் தலைமையிலான குழு தனித்து ஆராய்ந்து, கடைசி வளையம் 1687ஆம் ஆண்டுக்குரியது எனக் கண்டது. ஸ்ராடிவாரியின் பிற கருவிகளது வளைய வரிசைகளோடும் இது நெருங்கிப் பொருந்தியது. 1738 என்னும் கணிப்பை அதனை வெளியிட்டவரே பின்னர்க் கைவிட்டார்.

இம்முடிவு வெளியானதும் வயலின் வணிக உலகு வழக்கு முடிந்ததாகக் கருதியது. நாம் அவ்வாறு கருதவில்லை. மரவளையம் கூறுவது மரத்தின் வயதை; வினைஞனின் பெயரையன்று. கடைசி வளையம் 1738 ஆயின் ஸ்ராடிவாரி அதன் ஆக்கியோன் அல்லர் என்பது உறுதி. கடைசி வளையம் 1687 ஆயின் அவர் ஆக்கியோனாக இருத்தல் கூடும் என்பது மட்டுமே உறுதி. பழைய மரத்தைப் பிற்காலத்தவனும் பயன்படுத்தலாம். மறுப்பதில் இம்முறைக்குள்ள முழு வலிமை நிறுவுவதில் அதற்கில்லை. இவ்வேறுபாட்டை மறந்து ‘விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது’ என முழங்குவது, ‘நிபுணர் கூறிவிட்டார்’ என்னும் பழைய பாட்டைப் புதிய மெட்டிற் பாடுவதேயாகும்.

எனினும் நேர்மையான திறனாய்வு ஐயத்தோடு நின்றுவிடலாகாது. சான்றுகளின் எடையையும் கூறவேண்டும். மரம் ஸ்ராடிவாரியின் காலத்துக்கு ஏற்றது என்பதோடு அவர் பயன்படுத்திய மரங்களோடு ஒத்துமிருக்கிறது. வுய்யோம் போலி செய்தாரெனின், மரவளைய ஆய்வு என்பதையே அறியாத ஒரு காலத்தில், அவ்வாய்வுக்கு இத்துணைப் பொருத்தமான மரத்தைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார் எனக் கொள்ள நேரும். அது முடியாததன்று, ஆயின் எளிதில் நம்பத்தக்கதுமன்று. வேலைப்பாட்டின் அகச்சான்றுகளும் பெரும்பாலான ஆய்வாளரின் நோக்கில் ஸ்ராடிவாரியின் பக்கமே சாய்கின்றன. எனவே ‘மேசியா’ ஸ்ராடிவாரி பட்டறையின் ஆக்கம் என்பதே இன்றைய சான்றுகளுக்கு இசைந்த முடிபு என நாம் கருதுகிறோம். அதேவேளை, ஐயமெழுப்பியவர் முடிவிற் பிழைத்தார் என்பதற்காக ஐயமெழுப்பியதிற் பிழைத்தார் ஆகமாட்டார். அவர் கேட்டிராவிடின் அளவைகள் நிகழ்ந்திரா; நூறாண்டுக்கால நம்பிக்கை நம்பிக்கையாகவே இருந்திருக்கும்.

6

இவ்விவாதத்தின் சமூகப் பகைப்புலத்தை நோக்காது விடுவது முழுமையாகாது. ஒரு வயலினுக்கு ஆக்கியோன் பெயரை வழங்கும் சான்றிதழை நெடுங்காலம் எழுதியவர்கள் பல்கலைக்கழகங்களல்லர், வயலின் வணிகர்களே. ஹில் நிறுவனத்தார் ஆழ்ந்த அறிவு படைத்தோர் என்பதிலும், 1902இல் அவர்கள் வெளியிட்ட ஸ்ராடிவாரி வரலாறு இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் பொருளை விற்பவரே அதன் வரலாற்றை எழுதி அதன் மெய்ம்மைக்குச் சான்றும் பகரும் ஏற்பாடு, தனிமனிதர் எத்துணை நேர்மையாளராயினும், அமைப்பளவிற் குறைபாடுடையதேயாகும்.

அக்குறைபாடு எங்கு கொண்டு செல்லும் என்பதை 2012ஆம் ஆண்டு வியன்னாவில் நிகழ்ந்த வழக்கு காட்டியது. உலகப் புகழ்பெற்ற வயலின் வணிகர் ஒருவர், ஸ்ராடிவாரியின் ஆக்கங்கள் என மதிப்பிட்ட வயலின்களை வங்கிக் கடனுக்கு ஈடாக வைத்திருந்தார். அவை மதிப்புக் குறைந்தவை எனப் பின்னர் கண்டறியப்பட்டது. மோசடி உள்ளிட்ட குற்றங்களுக்காக அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஈண்டு எமது கவனத்துக்குரியது தனியொருவரின் வீழ்ச்சியன்று. சான்றிதழை வங்கி ஏற்றது ஏன் என்பதே கேள்வி. வங்கி வயலினை ஆராயவில்லை. பெயருக்குக் கடன் கொடுத்தது. வயலின் என்னும் கருவி முதலீட்டுப் பண்டமாக மாறியபின் பெயரே பொருளாகவும் பொருள் வெறும் உறையாகவும் ஆகிவிடுகின்றன.

7

பெயருக்குரிய விலை ஓசைக்குரியதே எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதமும் சோதிக்கப்பட்டுள்ளது. 1977இல் பி.பி.சி. வானொலி நடத்திய சோதனையொன்றில் ஐசாக் ஸ்ரேர்ன், பின்கஸ் சுக்கர்மன் ஆகிய இரு பெருங்கலைஞரும் சாள்ஸ் பியர் என்னும் தலையாய நிபுணரும் திரைக்கு அப்பால் இசைக்கப்பட்ட நான்கு வயலின்களைக் கேட்டனர். ஒன்று ஸ்ராடிவாரி, ஒன்று குவார்னேரி, ஒன்று வுய்யோம், ஒன்று அக்காலத்திற் புதிதாகச் செய்யப்பட்டது. எவராலும் இரண்டுக்கு மேற் சரியாக இனங்காண முடியவில்லை. 2010இல் கிளோடியா பிரிற்ஸ் குழுவினர் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 21 வயலின் கலைஞரைக் கருங்கண்ணாடி அணிவித்துப் பழையனவும் புதியனவுமான ஆறு வயலின்களை இசைக்கச் செய்தனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ராடிவாரி. தாம் விரும்பித் தேர்ந்த வயலின் பழையதா புதியதா என்பதைப் பெரும்பாலோராற் கூற இயலவில்லை. ஸ்ராடிவாரி தாழ்ந்த வினைஞர் என்பது இதன் பொருளன்று. முந்நூறாண்டுகளின் பின்னும் அவர் கருவி சிறந்த புதுக்கருவிகளோடு போட்டியிடுவதே வியப்புக்குரியது. ஓசையைக் கேட்டு ஆக்கியோனைத் துணிதல் இயலாது என்பதும், ஆக்கியோனை அறிந்தபின் ஓசையைக் கேட்பவர் பெயரையும் சேர்த்தே கேட்கிறார் என்பதுமே இவற்றாற் பெறப்படுவன.

அவ்வாறாயின் ஆக்கியோனைத் தேடுவதே வீணோ? அன்று. தேடலின் நோக்கம் மாறவேண்டும் என்பதே எமது வாதம். ‘தனியொரு மேதையின் கைவண்ணம்’ என்னும் கருத்தே வரலாற்றோடு பொருந்துவதன்று. ஸ்ராடிவாரியின் பட்டறையில் அவர் மக்கள் பிரான்செஸ்கோவும் ஒமோபோனோவும் உழைத்தனர். ஆயினும் கருவிகள் தந்தையின் பெயரையே தாங்கின. இன்று இசைக்கப்படும் அவரது வயலின்கள் ஏறத்தாழ அனைத்திலும் கழுத்தும் உள்தாங்கு சட்டமும் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை. ஏட்டுக்கு ஏடு படியெடுப்போர் கைபட்டு வந்த நூலைப் போலவே வயலினும் பல தலைமுறை வினைஞரின் உழைப்பைத் தன்னுள் கொண்டுள்ளது. எது மூலம், எது பின்னர்ச் சேர்ந்தது எனப் பிரித்தறிவது அவ்வுழைப்பின் வரலாற்றை எழுதுவதற்குப் பயன்படுமாயின் அது ஆராய்ச்சி; விலையை ஏற்றுவதற்கு மட்டும் பயன்படுமாயின் அது வணிகத்தின் எடுபிடி.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. எந்தத் தனிச்சான்றும் தன்னளவில் ஆக்கியோனை நிறுவப் போதியதன்று. சீட்டு, வேலைப்பாடு, உரிமை வரலாறு, மரவளையம் ஆகியன ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும்போதே முடிபு வலுப்பெறுகிறது. முடிபைக் கூறுபவர், எச்சான்று கிடைத்தால் தம் முடிபைக் கைவிடுவார் என்பதையும் உடன் கூறவேண்டும். சான்றுகள் அனைவரும் மீளாய்வு செய்யத்தக்க வகையில் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். ‘மேசியா’ விற்பனைக்கன்றிப் பொது நூதனசாலையொன்றில் இருந்தமையினாலேயே அதனைச் சந்தேகிக்கவும் அளக்கவும் மறுத்துரைக்கவும் இயன்றது. வங்கிப் பெட்டகங்களிற் பூட்டப்பட்டிருக்கும் வயலின்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

பெயரை நம்பிப் பொருளை மதிப்பிடும் பழக்கம் வயலின் வணிகருக்கு மட்டும் உரியதன்று. நூல்களையும் கொள்கைகளையும் மதிப்பிடும் நம்மிடமும் அது உண்டு. சுவடியின் இறுதியிலுள்ள பெயரை ஐயுறக் கற்ற நாம், மதிப்புரையின் இறுதியிலுள்ள பெயரையும் ஐயுறக் கற்றல் வேண்டும். ஐயுற்றபின், ஒக்ஸ்போட்டிற் செய்யப்பட்டது போல, கண்ணாடிப் பேழையைத் திறந்து அளந்து பார்க்கும் துணிவும், அளவை எமது ஐயத்துக்கு மாறாக அமையின் அதனை ஏற்கும் நேர்மையும் எமக்கு வேண்டும்.